கோடாலி கட்டின கை

"இன்னா சார் பேசுறீங்க? கல்லை ஒடைச்சது நான்தான், ஒத்துக்கினேன். காட்டுக் கல்லு, அரசாங்கக் கல்லு, அதையும் ஒத்துக்கினேன். ஆனா திருடினேன்னு மட்டும் சொல்லாதீங்க. திருடுறவ வூட்டுக்கு எடுத்துக்கினு போவா. நான் அங்கயே, அதிகாரி கையிலயே இல்ல வேலையக் காட்டினேன்? கத்தாதீங்க சார், எனக்குக் காது நல்லாக் கேக்குது. மன்னிப்புக் கடுதாசியா? கையெழுத்து போட மாட்டேன். ஹால் டிக்கெட்ட நிறுத்துவீங்களா? இருங்க, நேர்லயே வரேன்."

ஜெயசுதா போனை வெச்சா. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிக்கினு இருந்தவங்க எல்லாம் டம்ளரக் கையில வெச்சிக்கினே அவளப் பாத்தாங்க.

அந்தப் பக்கம் பேசினவரு முகாம் ஒருங்கிணைப்பாளர், பேராசிரியர் அறிவுச்செல்வன். விவகாரம் மலையில ஆரம்பிச்சது.

இப்பல்லாம் ஏசி ரூம்ல ஒக்காந்துக்கினு குகையில வாழணும்னு ஆசப்படுறது ஒரு ஃபேஷன். அது ஆதித்திறன் மேம்பாட்டு வாரியம்ன்ற ஆபீசுக்கும் தொத்திக்கிச்சு. காலேஜ் பசங்களுக்குக் கல்வராயன் மலையில முகாம் போட்டாங்க. காட்டுல கெடைக்கிறத வெச்சி, கையாலயே கருவி செய்யணும். சான்றிதழ் வாங்காதவங்களுக்குக் கடைசி வருஷப் பரீட்சை கெடையாது. மூங்கில்துறைப்பட்டு பக்கம் கரும்பு வெட்டித்தான் ஜெயசுதாவ அவ அப்பாம்மா படிக்க வெச்சாங்க. பரீட்சை போச்சுன்னா அடுத்த வெட்டுக்கு அவளும் கரும்புக் கொல்லையிலதான் நிக்கணும்.

வாரியத்தோட துணை இயக்குநர் சிவசங்கர், மிலிட்டரிக்காரங்க மாதிரி புள்ளிபோட்ட பேண்ட்டும் கூலிங் கிளாஸுமா வந்து எறங்கினாரு. வந்ததும் ஒரு உத்தரவு: "முகாம் எல்லைக்குள் உலோகப் பொருட்கள் அறவே தடை செய்யப்படுகின்றன."

கத்தி, பிளேடு, நெகவெட்டி, சமையக்கார அம்மா அருவாமணை, எல்லாத்தையும் மூட்டை கட்டி ஜீப்புல கச்சிராயபாளையத்துக்கு அனுப்பிட்டாங்க. அன்னிக்கு சாம்பார்ல கத்திரிக்கா காம்போட முழுசா மெதந்துச்சு.

அடுத்த உத்தரவு: காட்டுல கல்லு, குச்சி, மூங்கில் எதையும் தொடக்கூடாது.

"அப்பறம் எதை வெச்சி சார் கருவி செய்யறது?"ன்னா ஜெயசுதா.

"வாரியம் வழங்கும் இயற்கைப் பொருட்களை வெச்சிம்மா"ன்னாரு சிவசங்கர்.

பெட்டியப் பிரிச்சா, ஆன்லைன்ல வரவழைச்ச கல் கோடாலி, கல் கத்தி. எல்லாமே பிளாஸ்டிக். பசங்க செய்ய வேண்டிய வேலை, அதுக்குக் கல்லு கலர்ல பெயிண்ட் அடிக்கறது.

"இது இயற்கையா சார்?"

"பெயிண்ட் கையாலதான அடிக்கற? ஜாஸ்தி பேசாத."

பெட்டியில இருந்த கயிறு மட்டும் நெசமான கத்தாழை நாரு. ஏன்னா, மலையில பிளாஸ்டிக் கயிறுக்குத் தடை.

ஜெயசுதா தன் கோடாலிக்குப் பெயிண்ட் அடிக்கவே இல்ல. கடைசி நாளு விழா. பொன்னாடை பாலியஸ்டர், இயற்கைக்கு விரோதம். அதனால கோயில் திருவிழா மாதிரி அதிகாரிக்குக் காப்பு கட்டலாம்னு அறிவுச்செல்வன் யோசனை சொன்னாரு. போட்டோவுக்கு அவரு புடிச்சிருந்த பிளாஸ்டிக் கோடாலி நழுவக் கூடாதுன்னு அதையும் சேத்து வலது கையோட வெச்சி, நார்க்கயிறால சுத்தி, முடிச்சு மேல முடிச்சா போட்டாரு.

அப்பப் பாத்து மழை புடிச்சிக்கிச்சு. நாரு தண்ணியில ஊறி, உப்பி, இறுகிச்சு.

"கொஞ்சம் டைட்டா இருக்கே"ன்னு சிரிச்சாரு சிவசங்கர். அப்பறம் சிரிக்கல. வெரலெல்லாம் சாம்பார் கத்திரிக்கா கலருக்கு வந்துடுச்சு.

"கத்தி! எவனாவது கத்தி கொண்டாங்கடா!"

"எல்லாம் கீழ கச்சிராயபாளையத்துல இருக்குதுங்கய்யா. நீங்கதானுங்களே அனுப்பினீங்க"ன்னாரு உதவியாளர் வீரமுத்து.

முதல் பரிசு வாங்கின கல் கத்திய வெச்சி அறுத்துப் பாத்தாங்க. கத்தி வளைஞ்சிச்சு, பெயிண்ட்டு உரிஞ்சிச்சு, கயிறு அப்படியே இருந்துச்சு. வீரமுத்து பல்லால கடிச்சாரு. கத்தாழை அரிச்சி ஒதடு வீங்கினதுதான் மிச்சம். சிவசங்கர் எடது கையால அறிவுச்செல்வன் தோளக் கெட்டியாப் புடிச்சிக்கினு ஓன்னு அழுதாரு.

"சார், கால்லயே கல்லு கெடக்குது. எடுக்கட்டா?"ன்னா ஜெயசுதா.

"தொடாத! மேலிடத்து அனுமதி வேணும். டவர் கெடைக்கட்டும், கேட்டுச் சொல்றேன்"ன்னாரு அறிவுச்செல்வன், தோள்ல அதிகாரியத் தாங்கிக்கினே.

ஜெயசுதாவுக்கு வந்துச்சு பாரு கோவம். கல்லை எடுத்துப் பாறை மேல ஓங்கி ஒரே அடி. கருவி செய்யணும்னெல்லாம் நெனைக்கல, அவரு தலையில அடிக்க முடியாத கொறைக்கு அடிச்சா. பிளேடு மாதிரி ஒரு சில்லு தெறிச்சிச்சு. அத எடுத்து அறுத்தா. நாரு விட்டுச்சு.

சிவசங்கர் கைய ஊதிக்கினே கேட்டாரு: "அந்தக் கல்லை யாரு எடுக்கச் சொன்னது?"

சில்லு பறிமுதல். பெயிண்ட் அடிச்ச எல்லாருக்கும் சான்றிதழ். ஜெயசுதாவுக்கு மட்டும் கெடையாது. அவ மேல குத்தம் மூணு: கல்லு திருடினா, அரசாங்கக் கயிற சேதப்படுத்தினா, பெயிண்ட் அடிக்கல.

இன்னிக்கு கள்ளக்குறிச்சி மண்டபத்துல முகாம் கண்காட்சி. போனை வெச்ச கையோட ஜெயசுதா நேரா அங்க வந்து உள்ள நொழஞ்சா, ஒரு கண்ணாடிப் பெட்டி முன்னால செல்ஃபி எடுக்க வரிசை நிக்குது. பெட்டிக்குள்ள அவ சில்லு. மேல போர்டு: "துணை இயக்குநர் திரு. சிவசங்கர் அவர்கள் தம் திருக்கரத்தால் உருவாக்கிய கல் கத்தி."

வரிசையில அவ கூட்டாளி சந்தியா நின்னுக்கினு இருந்தா.

"ஏன்டி, நீயும் அங்கதானடி இருந்த? பாத்த இல்ல?"

"பாத்தேன்டி. எங்க சான்றிதழ்லயும் அவருதான் கையெழுத்து போட்டுக்கீறாரு. அவரு பொய்யின்னா எங்களுதும் பொய்யாப் பூடும். சும்மா இருடி."

மேடையில சிவசங்கரும் அறிவுச்செல்வனும் ஒக்காந்திருந்தாங்க. ஜெயசுதா விறுவிறுன்னு ஏறி மைக்கப் புடுங்கினா.

"சான்றிதழ் வாங்கினவங்க, குடுத்தவங்கள்ல, ஒரு கருவியாவது நெசமா செஞ்சவங்க கை தூக்குங்க."

ஒரு கையும் எழும்பல. சந்தியா சான்றிதழ சுருட்டிக்கினு இருந்தா.

"சிவசங்கர் சார், நீங்களும் தூக்கலையே? போர்டுல திருக்கரம்னு போட்டுக்கீது. அன்னிக்கு உங்க வலது கையில கோடாலி கட்டிக் கெடந்துச்சு. எடது கை அறிவுச்செல்வன் சார் தோள்ல இருந்துச்சு. அப்ப எந்தக் கையால சார் செஞ்சீங்க? இந்தாங்க மைக்கு. எல்லாரும் கேக்கணும், சொல்லுங்க."