சல்லடையில் கட்டிய அணை

கருவாட்டு மணத்துக்கு வெட்கம் கிடையாது. சொல்லாமல் கொள்ளாமல் வரும். மூடிய கதவுக்கு அடியில் நுழையும். ஐம்பதைத் தாண்டியவனை ஒரு மூச்சில் இருபத்து மூன்று வயதுக்காரனாக்கி, கழுத்தில் ஒரு டையையும் மாட்டிவிடும். நேற்று மாசிக் கருவாட்டை இடித்துக் குழம்பில் போட்டேன். மணம் எழுந்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. நியூஜெர்சி. ஸ்டெல்லா அக்கா அங்கே நர்ஸ். நான் அவளை அண்டிப் படிக்க வந்தவன். பனி கொட்டிய ஒரு காலையில் நெடுஞ்சாலை விபத்தில் அத்தான் இறந்துபோனார். அதன்பின் அக்கா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்ததே இல்லை. சிங்க் ஓரம் நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு டியூட்டிக்கு ஓடுவாள். மேசை மட்டும் தன் நாலு கால்களில் நின்று யாருக்கோ காத்திருக்கும்.

தூத்துக்குடியிலிருந்து அம்மா ஃபோனில் கத்தினாள்: “அங்க அவளுக்கு அப்பா ஸ்தானத்துல நீதாம்ல இருக்க!”

(அப்பா ஸ்தானம். சொந்தமாக ஒரு தலையணைகூட இல்லாதவனுக்கு.)

சர்ச்சில் ஒரு ஆன்ட்டி அக்காவுக்கு ஒருவரைச் சொன்னார். ஜெயசீலன், மெட்ராஸ்காரர், மனைவியை இழந்தவர். ஜப்பானியக் கம்பெனி ஒன்றில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். எங்கேயாவது சந்திக்கலாம் என்றதும், தான் தினமும் சாப்பிடும் சின்ன சோபாக் கடைக்கு வரச் சொன்னார். சோபா என்றால் உட்காரும் சோபா அல்ல. பக்வீட் என்ற ஒருவகைத் தானிய மாவில் செய்யும் பழுப்பு நூடுல்ஸ்.

காரில் அக்கா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்: “நான் வேண்டாம்னு சொல்லத்தான் வாரேன். வந்த மனுஷன் முகத்துக்கு நேரா மரியாதையா சொல்லணும். நீ வாயத் தொறக்காத.”

நான் திறந்தேன். கடையில் ஆறேழு மேசைகள். எங்களைத் தவிர எல்லோரும் ஜப்பானியர்கள். நூடுல்ஸை உறிஞ்சும் சத்தம் ஓடு மேல் பெய்யும் மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த மழைக்கு நடுவே, டையை இறுக்கிக்கொண்டு, பெண் வீட்டுப் பெரியவராகிய நான் விசாரணையைத் தொடங்கினேன்.

“அண்ணாச்சிக்குக் குடிப் பழக்கம் உண்டா?”

“டீ குடிப்பேன் தம்பி.”

“கோபம் வருமா?”

“நீங்க இன்னும் கொஞ்சம் கேட்டா வரலாம்,” என்றார் சிரிக்காமல்.

அக்கா மேசைக்கடியில் என் காலை மிதித்தாள்.

சாப்பாடு வந்தது. ஒவ்வொருவருக்கும் கால் வைத்த மூங்கில் தட்டியில் குளிர்ந்த நூடுல்ஸ் குவியல். பக்கத்தில் ஒரு காலிக் கிண்ணம், சின்னக் குடுவையில் கறுப்பாக ஏதோ சாறு. முகர்ந்தேன். மாசி! சத்தியமாக எங்கள் ஊர் மாசிக் கருவாடு. எட்டாயிரம் மைல் தாண்டி இந்தச் சந்துக்கு அது எப்படி வந்ததென்று புரியாமல் கண் கலங்கிவிட்டது. (ஜப்பான்காரர்களும் நம் மாசிபோலவே சூரை மீனைக் காயவைத்துத்தான் சாறு வைப்பார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.) மாசி மணக்கிறதென்றால் அது குழம்பு. குழம்பென்றால் ஊற்றிப் பிசைய வேண்டியது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஜெயசீலன், “தம்பி, இத எப்படிச் சாப்பிடணும்னா, அந்தக் கிண்ணத்துல...” என்று ஆரம்பித்தார்.

“எனக்குத் தெரியும் அண்ணாச்சி.”

நூடுல்ஸ் நடுவே குழி பறித்தேன். சோற்றில் ரசத்துக்குக் கட்டுவதுபோல் சுற்றிலும் கரை கட்டினேன். குடுவையைக் கவிழ்த்தேன். சாறு மறைந்தது. (நல்ல இழுப்பு, பழைய அரிசிபோல.) போதவில்லையே என்று அக்காவின் குடுவையையும் எடுத்துக் கவிழ்த்தேன்.

மூங்கில் தட்டி என்பது சல்லடை என்ற உண்மை அப்போதுதான் மேசைமேல் நடந்து வந்தது. கறுப்பாக, அவசரமில்லாமல், அக்காவின் சந்தன நிறப் பட்டுப்புடவையை நோக்கி. அத்தான் எடுத்துக் கொடுத்த புடவை. அக்காவின் நாற்காலி சுவரோடு ஒட்டியிருந்தது, நகர இடமில்லை. நான் “ஐயோ” என்று எழுந்ததில் மேசை இன்னும் அவள் பக்கம் சாய்ந்தது. (அந்த “ஐயோ”வை அக்கா இன்றும் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் நடித்துக் காட்டுவாள். நான் அவ்வளவு கீச்சென்று கத்தவில்லை.)

ஜெயசீலன் சட்டென்று முன்னால் குனிந்தார். சாம்பல் நிறக் கோட்டோடு இரண்டு முழங்கைகளையும் மேசைமேல் குறுக்கே படுக்க வைத்தார். சாறு அவர் கைகளில் முட்டி நின்றது. மெல்ல மெல்லத் துணிக்குள் ஏறியது.

கடைக்காரம்மா அடுப்படியிலிருந்து ஏதோ குரல் கொடுத்தார். கொதிக்கும் பானையை விட்டுத் துணியோடு அவர் வரும்வரை இந்த மனிதர் அப்படியே அணையாகக் கிடந்தார்.

“நீங்க சாப்பிடுங்க,” என்றார் அக்காவிடம். “நான் கைய எடுத்தா அந்தப் பக்கம் வந்துரும்.”

“எதத் தொட்டுச் சாப்பிட? என் சாறத்தான் இவன் ஊத்திட்டானே.”

“என்னோடத எடுத்துக்குங்க.”

அக்கா அவரைப் பார்த்தாள். அவர் கைகளைப் பார்த்தாள். பிறகு அவர் குடுவையை எடுத்துக் கிண்ணத்தில் கொஞ்சம் ஊற்றி, நூடுல்ஸைத் தோய்த்து ஒரு வாய் வைத்தாள். உறிஞ்சினாள், சத்தமாக. மழையில் இன்னொரு துளி.

துணி வந்தது, மேசை துடைக்கப்பட்டது. கடைக்காரம்மாவின் முன் நான் தலை குனிந்து குனிந்து நிமிர்ந்தேன். அக்கா எதையும் கவனிக்கவில்லை. உட்கார்ந்தபடி, நிதானமாக, தட்டி காலியாகும்வரை சாப்பிட்டாள்.

வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஆற்றுக் காற்று அடித்தது. ஜெயசீலனின் இரண்டு கைகளிலிருந்தும் எங்கள் ஊர் மணந்தது. அக்கா மரியாதையாக “வேண்டாம்” சொல்லப்போகும் இடம் இதுதான் என்று நான் தலைகுனிந்து நின்றேன். கெடுத்தவன் நான், அம்மாவுக்கு என்ன சொல்வது?

“கோட்டு வீணாப்போச்சே,” என்றாள் அக்கா.

“டிரை கிளீன் போட்டாப் போயிடும்.”

கார்க் கதவைத் திறந்தவள் ஏறவில்லை.

“வர்ற சனிக்கிழம எனக்கு டியூட்டி இல்ல.”

ஜெயசீலன் நனைந்த கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் பின்னால் கட்டிக்கொண்டார். “இங்கயே வர்றீங்களா?”

“வாரேன்,” என்றாள் அக்கா. “இவன் வர மாட்டான்.”