தலைவலிக்கு மூன்று நாள் முன்பு

"டாக்டர் சீட்டு சரி. எந்தெந்தத் தேதியில வலிக்கும்னு இதுல எழுதலியே?" என்றார் பஞ்சாட்சரம்.

"அது டாக்டருக்கு எப்படி சார் தெரியும்? ஒத்தத் தலைவலி. வந்துச்சுன்னா வெளிச்சம் ஆவாது, மெஷின் சத்தம் ஆவாது. வாந்தி வேற" என்றாள் கோகிலவாணி.

"லீவு வேணும்னா மூணு நாள் முன்னாடி எழுதிக் குடுக்கணும். இனிமே ஒரு தடவை சொல்லாம நின்னாலும் வேலை கிடையாது."

"எனக்கே..."

பஞ்சாட்சரம் தொலைபேசியை எடுத்துக்கொண்டார். மணி அடித்திருக்கவில்லை.

மலைமேல் காவலூர் சாலையில் இருந்த அந்தச் சாமை ஆலைக்கு அவர் மேலாளராக வந்து நான்கு மாதம். கோகிலவாணி மூட்டை கட்டும் பிரிவில் ஆறு வருடம். வீட்டில் அவள் சம்பளம்தான் மாதம் தவறாமல் வருவது.

திங்கட்கிழமை அவர் மேசையில் ஒரு கடிதம் இருந்தது. 'வரும் வியாழக்கிழமை எனக்குத் தலைவலி வரும். விடுப்பு தேவை.'

ஊரே சிரிக்கட்டும் என்று அதை அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

வியாழக்கிழமை அவள் வரவில்லை. வேவு பார்க்க, கூட்டிப் பெருக்கும் பச்சையம்மாவை அனுப்பினார். அவள் தொப்பலாக நனைந்து திரும்பினாள்.

"மெய்தான் சார். கண்ணைத் தொறக்க முடியாம கெடக்குது. வெளிய இன்னா மழ!"

அடுத்த கடிதத்தில் செவ்வாய் என்று இருந்தது. செவ்வாயன்றும் வலித்தது. செவ்வாயன்றும் மழை.

மூன்றாவது கடிதத்தைக் காலை ஒன்பது மணிக்கு ஒட்டினார். பத்து மணிக்கு மேசையில் பதினோரு விடுப்புக் கடிதங்கள்.

"எல்லாருக்குமா தலைவலி?"

"எங்களுக்கு இன்னாத்துக்கு சார் தலைவலி?" என்றாள் பச்சையம்மா. "அதுக்கு வலிச்சா மழ. நாங்க வெதைக்க வாணாவா?"

கடிதத்தில் குறித்திருந்த நாளில் ஆலை ஓடவில்லை. நான்காவது கடிதத்தைப் பஞ்சாட்சரம் மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். மாலைக்குள் மலை முழுக்கச் செய்தி பரவியது. ஆலைக்குச் சாமை போடும் கோபால்சாமி வாசலில் வந்து நின்றார்.

"இன்னா சார், மழயப் பூட்டி வச்சிக்கினியாமே? படவேட்டுல உன் மச்சானுக்கு நெலம் கீதாமே. அவுருக்கு மட்டும் சொல்லுவியா?"

"எனக்கு மச்சானே கிடையாதுய்யா!"

"அப்போ யாருக்காவப் பூட்டின?"

கடிதம் இருந்தால்தானே வம்பு என்று பஞ்சாட்சரம் விடுப்பையே மறுத்தார். குறித்த நாளன்று ஈரத்துண்டைத் தலையில் இறுகக் கட்டிக்கொண்டு கோகிலவாணி வேலைக்கு வந்தாள். அவள் வந்துவிட்டாள், இன்று மழை இல்லை என்று ஆட்கள் நாற்பது மூட்டைச் சாமையைக் களத்தில் காயப்போட்டார்கள். பதினொன்றரைக்குக் கொட்டியது. சாமை வாய்க்காலில் ஓடியது. விடுப்பு விதிகள் அடங்கிய கோப்பின் மேல் கோகிலவாணி வாந்தி எடுத்தாள்.

"எப்படி நனைஞ்சது?" என்று தலைமை அலுவலகம் கேட்டது.

"அவங்களுக்கு லீவு குடுக்கல சார்" என்றார் பஞ்சாட்சரம்.

மறுமுனையில் தொலைபேசியை வைத்துவிட்டார்கள்.

மறுநாள் அவரே உத்தரவு எழுதினார். கோகிலவாணிக்கு எப்போது தலைவலி வந்தாலும் விடுப்பு உண்டு. முன்கூட்டி எழுத வேண்டாம். சம்பளம் பிடிக்கப்படாது.

"இப்பதான் சார் நிம்மதி" என்று கும்பிட்டாள்.

நிம்மதி அவளோடு சரி. இரண்டு வாரமாகப் பலகை காலியாக இருந்தது. விதையும் கையுமாகக் கூட்டம் வாசலை மறித்தது. அதற்கு நடுவில் ஒருநாள் கோகிலவாணி வேலைக்கு வரவில்லை. பஞ்சாட்சரம் வண்டியை எடுத்தார். பாதி வழியில் மழை பிடித்தது.

வீட்டு ஜன்னலில் போர்வை தொங்கியது. கணவன் விஜயராஜ் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு வெளியே வந்தான்.

"மெதுவாப் பேசுங்க சார். உள்ள வலியோட படுத்துனு கீது."

"வலிக்கும்னு மூணு நாள் முன்னாடியே தெரிஞ்சிருக்குமே!" என்றார் பஞ்சாட்சரம். "எழுத வேண்டாம்னுதானே சொன்னேன்? வாயால ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

விஜயராஜ் அவரை ஒரு தினுசாகப் பார்த்தான்.

"அதுக்கு எப்படி சார் தெரியும்? மழ வந்தா வலிக்கும், அவ்ளோதான். முன்னாடியே எழுதலன்னா வேலை போயிடும்னு நீங்க சொன்னதால, செல்லுல என்னிக்கு மழ போட்ருக்கான்னு பாத்து எழுதினு இருந்திச்சு."