பதின்மூன்றாவது ஆளாக மேடை ஏறினேன்

2023 பெப்ரவரி 12, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபத்தாறு நிமிடம். வெளியே மைனஸ் பதினெட்டு. காற்றையும் சேர்த்தால் மைனஸ் இருபத்தேழு. மொன்றியலில் ஓர் அரங்கில், அறுநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருக்க (வெற்று இருக்கைகளைக் கழித்துவிட்டேன்), நான் என் மகனுக்குப் பொன்னாடை போர்த்தினேன்.

மகன் கஜன் ஒபேராப் பாடகன். அவனுடைய குரலை டெனர் என்பார்கள், ஆண்குரல்களில் உயரமானது. கதாநாயகன் பெரும்பாலும் அந்தக் குரல்காரன்தான். ஆனால் கஜன் ஒன்பது வருடம் குழுப்பாடகர்களின் பின்வரிசையில் நின்றான். அந்த ஒன்பது வருடத்தில் அவன் தனியாகப் பாடியவை மொத்தம் பதினொரு சொற்கள். அவற்றில் ஐந்து, குதிரை தயார் என்று எசமானுக்கு அறிவிப்பவை. (அந்த ஐந்தைக் கேட்க நாங்கள் இருக்கும் லவாலிலிருந்து ஒரு பஸ்ஸும் இரண்டு மெற்றோவும் பிடித்துப் போனோம்.)

அந்தக் கிழமை முதன்மைப் பாடகருக்குத் தொண்டை கட்டிவிட்டது. ஒரேயொரு காட்சிக்கு அவருடைய இடம் கஜனுக்கு. நன்றாகப் பாடினால் அடுத்த பருவத்தில் பெரிய பாத்திரங்கள் தருவதாக இயக்குநர் அம்மா சொல்லியிருந்தார். சரிவராவிட்டால் பாட்டை விட்டுவிடுவதாக அவன் தன் மனைவிக்கு வாக்குக் கொடுத்திருந்தான். மறுநாள் காலை ஒன்பதரைக்கு லொங்குய்யில் ஒரு காப்புறுதிக் கந்தோரில் வேலைக்கு நேர்முகம். அந்த நேர்முகத்தை ஏற்பாடு செய்ததே நான்தான். ஆனால் நிகழ்ச்சித் தாளில் அவன் பெயரை முதல் வரியில் பார்த்ததும் கட்சி மாறிவிட்டேன்.

இருக்கையில் அமர்ந்ததும் மனைவி சரோ என் கோட்டைப் பார்த்தாள்.

"உதென்ன உள்ளுக்குள்ள பொம்மிக்கொண்டு நிக்குது?"

"பொன்னாடை."

"ஆருக்கு?"

"பிள்ளைக்குத்தான். முதல்முதலாப் பெரிசாப் பாடுறான், ஒரு மரியாதை வேண்டாமே?"

"இஞ்சாருங்கோ, இது எங்கட கலைவிழா இல்லை. வாயை மூடிக்கொண்டு இருந்து கேளுங்கோ."

"வெளியில வரேக்க குடுப்பன். நான் என்ன விசரனே?"

உண்மையாகவே அப்படித்தான் எண்ணியிருந்தேன்.

கஜன் பாடினான். மேலே பிரெஞ்சில் கதை எழுத்தாக ஓடியது. நான் அதை வாசிக்கவில்லை; அவன் பாடும் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தேன். (முப்பத்தொரு வருடம் ஒரு களஞ்சியத்தில் பெட்டி எண்ணியவனுக்கு வேறென்ன வரும்?) அறுநூற்று நாற்பதில் கணக்கு விட்டுப்போனது. அப்போதுதான் அவன் அந்த நீண்ட பாட்டை முடித்தான். கைதட்டல் ஐம்பத்திரண்டு விநாடி. சரோ மூக்கைச் சிந்தினாள்.

கைதட்டல் அடங்குமுன், எங்கள் இருக்கைகளுக்குப் பக்கத்து நடைபாதையால் ஆட்கள் மேடையை நோக்கிப் போகத் தொடங்கினார்கள். எல்லோரும் என்னைப் போலவே குளிர்கோட்டுப் போட்டவர்கள். ஒருவர் கையில் பூ, ஒருவர் கையில் சுட்ட பாண், ஒருத்தி கையில் கம்பளிக் கழுத்துத்துணி. ஒவ்வொருவராக ஏறி அதை என் மகனிடம் கொடுத்தார்கள். எனக்குப் புல்லரித்தது. வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தான்! சபையிலிருந்து போய்க் கலைஞனை மதிக்கிறார்கள்! பெற்ற தகப்பன் குந்தியிருக்கலாமா? பன்னிரண்டு பேர் போனார்கள். பதின்மூன்றாவது நான்.

(அவர்கள் நாடகத்தின் குழுப்பாடகர்கள். போர் முடிந்து திரும்பிய வீரனை ஊர் வரவேற்கும் காட்சியாம். கதையை இந்தக் காலத்துக்கு மாற்றி, நல்ல கோட்டும் போட்டுவிட்டால் நான் என்ன செய்வது?)

சரோ என் கோட்டின் வாலைப் பிடித்தாள். அது கையில் நிற்கவில்லை. ஏழு படி. பொன்னாடையை உதறி விரித்து மகனுடைய தோளில் போர்த்தி, வலக்கையால் அவன் கையைக் குலுக்கியபடி, முறைப்படி சபையை நோக்கித் திரும்பிச் சிரித்துக்கொண்டு நின்றேன். படம் எடுப்பதற்காக.

ஒருவரும் எடுக்கவில்லை.

கஜன் உதடு அசையாமல் சொன்னான்: "அப்பா, கீழ போங்கோ. என்னைக் கொல்ல வருகினம்."

"ஆர்?"

அவன் கண் காட்டிய பக்கம் திரும்பினேன். ஆறடி மூன்றங்குல மனிதர் ஒருவர், கனத்த குரலில் உறுமிப் பாடிக்கொண்டு, கத்தியுடன் வந்துகொண்டிருந்தார். இது நாடகம் என்று மூளைக்குத் தெரியும், கைக்குத் தெரியவில்லை. பாய்ந்து அவருடைய மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினேன். கத்திக்குள் ஏதோ 'டிக்' என்றது. அந்த மனிதர் பாட்டை நிறுத்தாமலே என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

வாத்தியக்காரர் அந்த இடத்து இசையையே திரும்ப வாசித்தார்கள். பிறகும் வாசித்தார்கள். மூன்று முறை.

"அப்பா," கஜனின் குரல் உடைந்தது, "அவரின்ர கையை விடுங்கோ. நான் செத்தாத்தான் எனக்கு வேலை."

விட்டேன். குத்தினார். பொன்னாடையில் சிவப்புச் சாயம் பரவியது. கஜன் விழுந்தான். பிள்ளையை அப்படி விட்டுவிட்டுப் படி இறங்க மனம் வரவில்லை. அவன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். படுத்தபடி அவன் இன்னும் நாலு நிமிடம் பாடினான். என்னை ஒருமுறை கூடப் பார்க்கவில்லை. கடைசியில் அவனுடைய தலை சாய்ந்தபோது, செத்தவன் மூச்சு விடுகிறானா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்தேன். சபை அழுததாகச் சரோ பிறகு சொன்னாள். தான் அழவில்லை, பற்களைக் கடித்துக்கொண்டு இருந்ததாகவும் சொன்னாள்.

மறுநாள் காலை ஒன்பது பத்துக்கு, கழுத்துப்பட்டியுடன் அந்தக் கந்தோர் வாசலில் நின்ற கஜனுக்கு இயக்குநர் அம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. தகப்பன் கொலைகாரனோடு மல்லுக்கட்டும்போதும் சுருதி விலகாமல் சாகத் தெரிந்தவனை விடமுடியாது என்றாராம். அடுத்த பருவத்தில் மூன்று பெரிய பாத்திரங்கள். மூன்றிலும் சாகிறான். ஒப்பந்தத்தில் ஒரு வரி மேலதிகமாக இருக்கிறது: தந்தையார் மேல்மாடியில், வரிசையின் நடுவிலேயே அமர வேண்டும்.

கஜனின் மகள், என் பேத்திக்கு இப்போது எட்டு வயது. தமிழை விடப் பிரெஞ்சுதான் வாயில் நிற்கும். ஆனால் பல் வைத்தியரிடம் போகும்போதும், கணக்குப் பரீட்சை நாளிலும் கையை உதறிக்கொண்டு தெளிவாகச் சொல்லுவாள்: "அப்பப்பா, கீழ போங்கோ. என்னைக் கொல்ல வருகினம்." முழு வீடும் சிரிக்கும். நானும் சிரிப்பேன், ஒரு விநாடி பிந்தி.

அலகு உள்ளே போய்வரும் அந்தக் கத்தியின் சுருள்வில்லை நான் உடைத்துவிட்டேனாம். அரங்கிலிருந்து பில் வந்தது. கத்தி நூற்றிருபது டொலர். மத்திய, மாகாண வரிகள் இரண்டும் சேர்த்து நூற்று முப்பத்தேழு டொலர் தொண்ணூற்றேழு சதம்.