உருத்திரமூர்த்தி கெடுக்க நினைத்த கோப்பி

இனித் தன் ஆயுளில் ஒரு நல்ல கோப்பி போடுவதில்லை என்று உருத்திரமூர்த்தி சபதம் எடுத்தது எண்பத்தேழாம் ஆண்டு கார்த்திகை மாதத்தில், சுவிஸில் லாங்கன்தால் நகரத்தில், ஒரு தடித்த போர்வைக்குள் கிடந்தபடி.

அதற்கு முன்பும் அவர் நல்ல கோப்பி போட்டதில்லை. கெட்ட கோப்பியும் போட்டதில்லை. கலியாணம் கட்டிப் பதினாறு வருஷத்தில் அவர் குசினிக்குள் போனதெல்லாம் தண்ணி குடிக்கத்தான். அதுவும் கிளாஸ் எங்கே இருக்கிறதென்று கேட்டுவிட்டு.

வில்லங்கம் எங்கே தொடங்கியதென்றால், அவருடைய மனைவி தில்லைநாயகிக்கு வயோதிபர் இல்லத்துச் சமையலறையில் வேலை கிடைத்ததில். ஆறு மணிக்கு அவள் அங்கே நிற்க வேண்டும். அவரும் அதே ஆறு மணிக்குப் பீங்கான் பட்டறையில் நிற்க வேண்டும். வீட்டுக்காரனோ ஹீற்றரை ஆறு மணிக்குத்தான் திறப்பான். ஐந்து மணிக்கு எழும்பிக் குசினித் தரையில் கால் வைத்தால் உச்சந்தலை வரைக்கும் விறைக்கும். முதலில் எழும்புகிறவர் கோப்பி போட வேண்டும். மற்றவருக்கு இன்னும் அரை மணித்தியாலம் நித்திரை. அந்த அரை மணித்தியாலத்துக்காக உருத்திரமூர்த்தி தன் பங்குச் சொர்க்கத்தையே எழுதிக் கொடுப்பார்.

"இஞ்சேருங்கோ, இனி ரெண்டு பேருக்கும் வேலை. ஏன் எப்பவும் நானே எழும்ப வேணும்?" என்றாள் தில்லைநாயகி.

"நீர் போட்டாத்தான் அது கோப்பி. நான் போட்டா கசாயம்."

"போட்டுப் பாத்தனீங்களோ?"

"பாக்காமலே தெரியும்."

"எனக்குத் தெரியாதே."

"சரி. மூண்டு நாள் நான் போடுறன். நல்லா இருந்தா இந்தப் பனி மாரி முழுக்க நான் எழும்புறன். நல்லா இல்லாட்டி நீர் எழும்பும். பிறகு இந்தக் கதையே எடுக்கப்படாது."

"ஆர் தீர்ப்புச் சொல்லுறது?"

"கிறகோரி."

கிறகோரி மேல்மாடியில் தனியே இருக்கும் மன்னார்ப் பொடியன். ஒவ்வொரு நாளும் உருத்திரமூர்த்தியைத் தன் பழைய சிவப்புக் காரில் பட்டறைக்கு ஏற்றிக்கொண்டு போவான். அதற்கு முன்னால் கீழே வந்து ஒரு கோப்பி குடிப்பான். சாப்பாட்டு விஷயத்தில் பொய் சொன்னால் அதையும் பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியாரிடம் சொல்ல வேண்டி வருமே என்று பயப்படுகிற பிறவி.

தில்லைநாயகி ஒரு சொல்லும் சொல்லாமல் ஒத்துக்கொண்டாள். பதினாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுசன் அந்த இடத்திலேயே பயந்திருக்க வேண்டும். அவர் சந்தோஷப்பட்டார்.

ஆனால் கோப்பியைக் கெடுப்பது சொல்லுமளவுக்குச் சுகமான வேலையில்லை. உப்பைப் போட்டால் பிடிபடுவார். தூளைக் குறைக்கவும் வழியில்லை. பின்னேரமே தில்லைநாயகி கொட்டையை அரைத்து, மூன்று கரண்டி அளந்து, வடிக்கிற பேப்பரோடு சேர்த்துத் தகர ரின்னுக்குள் வைத்துவிடுவாள். தண்ணி எல்லோருக்கும் ஒரே தண்ணி. கெடுப்பதற்கென்று அவர் கையில் மிஞ்சியது பில்டர் ஒன்றுதான். கோப்பையின் மேல் குந்தியிருக்கும் அந்தப் பீங்கான் புனல்.

பில்டருக்கு அவர் எங்கும் அலையத் தேவையில்லை. பட்டறையில் செய்வதே அதைத்தான். சரிவராத பில்டர்களை ஒரு கூடையில் போட்டு வைப்பார்கள், விருப்பமானவர் எடுக்கலாம். பக்கத்து மேசையில் சுவிஸ்காரர் ஹெர் லூதி. நாற்பது வருஷமாகப் பில்டருக்கு ஓட்டை போடுகிற மனுசன்.

"எதில போட்டா ஆகக் கூடாத கோப்பி வரும்?" என்று உருத்திரமூர்த்தி தனக்குத் தெரிந்த ஜெர்மனில் கேட்டார்.

நாற்பது வருஷத்தில் அவரிடம் ஒருவரும் இப்படிக் கேட்டதில்லை. லூதி சிரித்தார். பிறகு கண் கலங்குமளவுக்குச் சந்தோஷப்பட்டு, மதியச் சாப்பாட்டையும் மறந்து, கூடையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். ஓட்டை எத்தனை, சரிவு எவ்வளவு, உள்சுவரில் மேடு மேடாக வரம்பு இருக்கிறதா இல்லையா, இதிலேதான் எல்லாம் கிடக்கிறது என்றார். உருத்திரமூர்த்தி கூடாததிலே கூடாததாகப் பார்த்து மூன்றைப் பொறுக்கினார். முதல் நாளே காரியம் முடிந்துவிடும், மற்ற இரண்டும் சும்மா துணைக்கு.

பின்னேரம் வீட்டுக்கு வந்தால் வாய் சும்மா இருந்ததோ? திட்டத்தை ஒளிக்கத் தெரிந்த மனுசனுக்குப் படிப்பை ஒளிக்கத் தெரியவில்லை. பழைய சாமான் கடையில் வாங்கிய மரப்பெட்டி அரைவையைத் தில்லைநாயகி முழங்காலுக்கிடையில் வைத்துப் பிடியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். அவர் எதிரே நின்று வகுப்பெடுத்தார்.

"நாளைக்கு எடுக்கிறது இது, ஒரு ஓட்டைதான் பாரும். அதுவும் ஊசி போற அளவு. தண்ணி இறங்காம நிக்கும்."

"ஓமோ?"

"மா மாதிரித் தூளெண்டா அடைச்சுப்போடும். நிண்டு நிண்டு ஊறினா ஒரே கைப்பு."

"ஓமோ?"

"அடுத்த நாளைக்கு இது, மூண்டு ஓட்டை எண்டா வேற கதை. ஊத்தின உடன கீழ. தூள் பெரிசா இருந்தா வெறும் தண்ணிதான்."

"அப்ப இது?" மூன்றாவதைத் தொட்டுக் கேட்டாள்.

"இதுக்கு உள்ளுக்கு வரம்பு இல்லை, வழுவழுப்பு. பேப்பர் போய்ச் சுவரில ஒட்டிப்போடும். காத்துப் போக இடமில்லை எண்டா தண்ணி அசையாது."

"என்ன மூளையப்பா உங்களுக்கு" என்று தில்லைநாயகி அரைவையின் மேலே இருந்த திருகாணியை இரண்டு சுற்றுச் சுற்றினாள். ஆணி கழன்றுவிட்டது போலும் என்று உருத்திரமூர்த்தி நினைத்தார்.

முதல் நாள். ஐந்து மணி. இரண்டு சோடிக் காலுறையும் மப்ளருமாக அவர் குசினிக்குள் இறங்கினார். ரின்னிலிருந்த தூளை அரை நித்திரையில் ஒரு ஓட்டைப் பில்டரில் கொட்டி, தண்ணியை ஊற்றி, அடைக்கும் அடைக்கும் என்று கண்ணை மூடிக் காத்திருந்தார். அடைக்கவில்லை. ஒரு நூல் போல, நின்று நிதானமாக, கறுப்பாகப் பளபளத்துக்கொண்டு இறங்கியது.

கிறகோரி ரின்பால் விட்டு ஒரு மிடறு குடித்தான். பிறகு கோப்பையை உற்றுப் பார்த்தான்.

"மூர்த்தி அண்ணை, இது நீங்கள் போட்டதோ?"

"கைக்குதோ?"

"அக்கா கோவிக்கக் கூடாது. அக்கான்ர கோப்பியைவிட ஒரு படி மேல."

"நான் ஏன் கோவிக்கிறன்?" என்றாள் தில்லைநாயகி, முன்னறைப் போர்வைக்குள்ளே இருந்து.

"வடிவாக் குடிச்சுப் பார். அடியில கொஞ்சம் கைப்பு இருக்கும்."

கிறகோரி அடிவரை குடித்தான். "இல்லை அண்ணை. இன்னொரு கோப்பை இருக்குதோ?"

இரண்டாம் நாள் மூன்று ஓட்டைப் பில்டரைக் கோப்பையில் வைத்தார். குழாய் திறந்த மாதிரி ஓடும், கழுநீர் மாதிரி வரும். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. உள்ளே இவர் கேத்திலைச் சரித்தார். ஓடுவதாவது. சித்திரை வெயிலில் தேருக்குப் பின்னால் நடக்கிற சனம் போல அவசரமே இல்லாமல் மூன்று ஓட்டையாலும் சொட்டியது.

"எப்பிடி அண்ணை?" என்று கிறகோரி மெய்யான மரியாதையோடு கேட்டான். "உங்களுக்கு இது கைவந்த கலை போல. ஞாயிற்றுக்கிழமை பாடனிலயிருந்து தம்பித்துரை அண்ணையாக்கள் வருகினம். கூட்டிக்கொண்டு வரட்டோ?"

"ஏன் அவையளைக் கரைச்சல்படுத்துவான்?" என்று உருத்திரமூர்த்தி முனகினார்.

"கூட்டிக்கொண்டு வாரும் தம்பி" என்றது போர்வை.

மிஞ்சியது ஒரே ஒரு நாள். அந்த இரவு அவருக்கு நித்திரை வரவில்லை. நித்திரையைக் காப்பாற்றத்தானே இவ்வளவு பாடும் என்று நினைக்க, வந்த கொஞ்ச நித்திரையும் போய்விட்டது. ஆனாலும் மூன்றாவது பில்டரில் அவருக்குப் பூரண நம்பிக்கை இருந்தது. வரம்பு இல்லாத வழுவழுப்புச் சுவரைத் தடவிப் பார்த்தார். இதை யார் வெல்ல முடியும்?

மூன்றாம் நாள் ரின்னுக்குள் கையை விட்டார். பேப்பர் ஏதோ மடிப்பு மடிப்பாக இருந்தது. கடையில் வேறு மாதிரி வாங்கியிருப்பாள். வைத்தார், கொட்டினார், ஊற்றினார். பேப்பர் சுவரில் ஒட்டவில்லை. தண்ணி குளமாக நிற்கவில்லை. வாசம் மேல்மாடிக்குப் போய்க் கிறகோரியைச் சப்பாத்துக்கூடப் போடவிடாமல் கீழே கொண்டுவந்தது.

அவன் குடித்தான். கோப்பையை வைத்தான். நெஞ்சில் சிலுவை அடையாளம் போட்டான்.

"இனி என்ன தீர்ப்பு அண்ணை. இந்த மாரி முழுக்க நீங்கள்தான்."

உருத்திரமூர்த்தி குசினிக்குத் திரும்பிப்போய், ஈரப் பேப்பரைப் பில்டரிலிருந்து இழுத்தெடுத்தார். அப்போதுதான் வடிவாகப் பார்த்தார். சுற்றிவர மடிப்பு. ஒரே அகலம், ஒரே நேர். அந்த மடிப்பு அவருக்குத் தெரியும். நல்ல நாள் பெருநாளில் தில்லைநாயகி கண்ணாடிக்கு முன்னால் நின்று, வாயில் ஊசியோடு பிடிக்கிற அதே சேலைக் கொசுவம். பில்டரில் இல்லாத வரம்பைப் பேப்பரில் வைத்துவிட்டாள்.

திருகாணி ஞாபகத்துக்கு வந்தது. தூள் பெரிசா சின்னனா என்று வைக்கிறதே அதுதான். அரைவையின் பெட்டியை இழுத்து, ஒட்டிக் கிடந்த தூளை விரலால் தொட்டார். முதல் நாள் ரின்னில் கிடந்தது ரவை போல. நேற்றுக் கண்டது மா போல. அரை நித்திரையில் எல்லாம் ஒரே தூளாகத்தான் தெரிந்தது.

பேப்பரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னறைக்கு ஓடிவந்தார். தில்லைநாயகி அப்போதுதான் எழும்பிக் கொண்டை போட்டுக்கொண்டிருந்தாள்.

"இது கள்ள வேலை" என்றார்.

"என்ன கள்ள வேலை அண்ணை?" என்றான் கிறகோரி.

"இவ... இவ தூளை மாத்தி மாத்தி அரைச்சு, பேப்பரைக் கொசுவி..."

"அதால?"

"அதால கோப்பி நல்லா வந்திட்டுது."

கிறகோரி அவரைப் பார்த்தான். தில்லைநாயகி கொண்டை ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு பாவமும் அறியாத முகத்தோடு அவரைப் பார்த்தாள்.

"நல்லா வந்ததில உங்களுக்கு என்ன அண்ணை கவலை?" என்றான் கிறகோரி. "நல்லா வரக்கூடாதெண்டோ போட்டனீங்கள்?"

உருத்திரமூர்த்தி பேப்பரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். ஈரப் பேப்பரிலிருந்து ஒரு சொட்டு அவருடைய காலுறையில் விழுந்தது.

"ஒண்டுமில்லை" என்றார். "கெட்டிக்காரி எண்டு சொல்ல வந்தனான்."

"அதைச் சொல்லவோ இவ்வளவு சத்தம்?" என்று தில்லைநாயகி எலாம் அடித்து எழுப்புகிற மணிக்கூட்டைத் தன் தலைமாட்டிலிருந்து எடுத்து, அவருடைய தலைமாட்டில் பக்குவமாக வைத்தாள். "நாளைக்கு எந்தப் பில்டர் எண்டு பின்னேரமே சொல்லிப்போடுங்கோ. அதுக்குத் தக்க மாதிரி அரைச்சு வைக்கிறன்."