ஞானக்கண்ணார் கண்ட இடது கால்

ஞானக்கண்ணார் இருந்தது மூன்றாம் மாடி. அவரைப் பார்க்க நின்ற வரிசை படிக்கட்டு முழுக்க இறங்கி, வாசலைத் தாண்டி, மருந்துக்கடையை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடி வாசலுக்கே வந்து சேர்ந்தது. இதில் தலை எது, வால் எது என்று கேட்டவரை எல்லோரும் முறைத்தார்கள். ஞானம் தேடி வந்த இடத்தில் சந்தேகம் கேட்கலாமா?

"நான் வாயே தொறக்கல சார். உக்காந்தேன். உன் மாமியாருக்கு மூட்டு வலின்னு அவரே சொல்றாரு!" என்றார் ஒரு பஸ் கண்டக்டர்.

"எந்த மாமியாருக்குத்தான் மூட்டு வலி இல்ல?"

"வலது முட்டின்னு சொன்னாருங்க!"

கேட்டவர் அடங்கிப்போனார். வலது முட்டி என்றால் தெய்வீகம்தான்.

ஐயாவைப் பார்க்க ஒரே ஒரு நிபந்தனை. 'ஒரே கூரை' என்ற அவருடைய செயலியைக் குடும்பம் மொத்தமும் கைபேசியில் போட்டுக்கொண்டு, வீட்டுப் பேச்சை எல்லாம் அதிலேயே பேச வேண்டும். வேறு எதில் பேசினாலும் எண்ண அலைகள் சிதறிவிடுமாம். அந்த அலைகள் எங்கே போய்ச் சேருகின்றன என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. ஆப் என்று சொல்ல வராமல் பலர் அதை 'ஆப்பு' என்றார்கள். அந்தக் கூட்டத்திலேயே சரியாகச் சொன்னவர்கள் அவர்கள்தான்.

தையற்காரி ஒருத்தியும் அந்த ஆப்பைப் போட்டுக்கொண்டாள். அடுத்த ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் தங்கையையும் போட வைத்தாள். தங்கைக்கு இது தலைப்பிரசவம். தினம் இரண்டு வேளை பேசிக்கொண்டிருந்தவர்கள். திடீரென்று தங்கையிடமிருந்து பேச்சே இல்லை. அக்கா எழுதினாள். பதில் இல்லை. மூன்று நாள் பொறுத்தாள். பிறகு ரோஷம் வந்துவிட்டது. பிரசவத்துக்குக் கூப்பிடாமலே போய் நிற்க நான் என்ன வேண்டாத விருந்தாளியா?

பன்னிரண்டாம் நாள் ஞானக்கண்ணாரிடம் போனாள். அவர் கண்ணை மூடினார்.

"தங்கச்சி... வயித்துல புள்ள... மனசு பூட்டிக் கெடக்கு. பொல்லாத கண்ணு பட்டிருக்கு. பூட்டைத் தொறக்கணும்."

புதுத் தையல் மெஷினுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் மொத்தமும் திறப்புச் சடங்குக்குப் போயிற்று. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் கைபேசி கிணுகிணுத்தது. தங்கைதான்! ஒன்றல்ல, பதினேழு செய்தி. தையற்காரி அழுதேவிட்டாள்.

அவள் கணவனின் தம்பி லிஃப்ட் மெக்கானிக். எதையும் கழற்றிப் பார்க்காமல் நம்பாத ஜாதி. கைபேசியை வாங்கிப் பார்த்தான்.

"அண்ணி, இத கொஞ்சம் படிங்க. 'அக்கா, பிரசவத்துக்குத் தேதி குடுத்துட்டாங்க, வந்துடுவேல்ல?' இது பன்னெண்டு நாளைக்கு முந்தி எழுதினது. உங்க தங்கச்சி மனசு பூட்டல. கடுதாசியத்தான் எவனோ பூட்டி வெச்சிருக்கான்."

"சும்மா இரு. சாமி குத்தம் ஆயிடும்."

"சரி, ஒரே ஒரு சோதனை. தோத்தா நானும் ஆப்பு போட்டுக்கறேன்."

அவனுடைய மெக்கானிக் சங்கத்துக்குச் செய்தி அனுப்பிக்கொள்ளச் சொந்தமாக ஒரு சின்ன சர்வர் உண்டு. ஆஸ்பத்திரி ஊழியர்களுக்கும் தனியாக ஒன்று உண்டு.

"அது வேற வீடு, இது வேற வீடு. ஆனா ரெண்டுக்கும் நடுவுல தெரு இருக்கு, கடுதாசி போய் வரும். ஊர்க் கடுதாசி மொத்தத்தையும் ஒரே ஆளு மடியில கொட்டற வேலை இல்ல. எங்க சர்வரப் பாத்துக்கற ஆள நாங்களே ஓட்டுப் போட்டுத்தான் வெச்சிருக்கோம். அவன் சரியில்லன்னா வேற வீட்டுக்கு மாறிக்கலாம். அப்பவும் தங்கச்சியோட பேசலாம்."

அந்த வழியாகத் தங்கைக்கு உண்மையை எழுதினார்கள். 'ஒரே கூரை' வழியாகப் பொய்யை எழுதினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்றாம் மாடிக் கூடத்தில் பொதுக்கூட்டம். தையற்காரி மேடைக்கு முன்னால் போய் நின்றாள். ஞானக்கண்ணார் ஒலிபெருக்கியை நெருக்கிப் பிடித்துக்கொண்டார்.

"இரும்பு தெரியுது... பெட்டி... மேலேருந்து வருது... ஐயோ, இடது கால்! உன் கொழுந்தனுக்கு இடது கால் ரெண்டு எடத்துல ஒடஞ்சிருக்கு. பச்சைப் போர்வை போத்திப் படுத்திருக்கான்!"

கூட்டம் 'ஆ' என்றது. கடைசி வரிசையிலிருந்து மெக்கானிக் எழுந்தான்.

"படுக்கலீங்க. நின்னுக்கிட்டுதான் இருக்கேன்." நடுவழியில் நடந்து வந்து, இடது காலாலேயே நாலு குதி குதித்துக் காட்டினான்.

அப்புறம் ஒரு குரல்: "ஒடஞ்ச காலு ஒட்டிக்கிச்சு! ஐயா பார்வை பட்டதுமே ஒட்டிக்கிச்சு!"

நாலு பேர் ஓடிவந்து அந்தக் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

"விடுங்கம்மா, கூசுது!"

தையற்காரி ஒலிபெருக்கியைப் பிடுங்கினாள்.

"அந்தக் கால ஒடைச்சது நான்தான்! நேத்து உங்க ஆப்புல எழுதி ஒடைச்சேன். பச்சைப் போர்வையும் நான் போத்தினதுதான். எங்க வீட்டுல பச்சைப் போர்வையே கெடையாது. நெசத்த வேற வழியா எழுதினேன். அது உங்க ஞானக்கண்ணுக்கு ஏன் தெரியல?"

"உன்னைச் சந்தேகப் பேய் புடிச்சிருக்கு!"

"புடிச்சிருக்கட்டும். அந்தப் பேய் நேத்து தங்கச்சிக்கு என்ன எழுதிச்சு? அத மட்டும் சொல்லுங்க."

ஞானக்கண்ணார் கண்ணை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். ஒன்றும் தெரியவில்லை.

கண்டக்டர் மெதுவாக எழுந்தார். "வலது முட்டின்னு... என் பொண்டாட்டிக்கு நான்தானே எழுதினேன்?"

அடுத்த நிமிஷம் மேடைத் திரை கிழிந்தது. பின்னறையில் நாலு சீடர்கள், ஆளுக்கொரு கணினி முன்னால். சுவரில் ஒரு பலகை. அதில் 'பிடித்து வை', 'விடு', 'மேடையில் சொல்' என்று மூன்று பத்தி. முதல் பத்தியில் பெயர்கள் வழிந்தன. அடித்துவிட்டிருந்த ஒரு வரியைத் தையற்காரி படித்தாள்: 'தங்கை, தலைப்பிரசவம், அக்காவுக்குப் பாசம் அதிகம்.'

"பன்னெண்டு நாளு அவளத் திட்டிக்கிட்டு இருந்தேனேடா, பாவி!" என்று அவள் போட்ட சத்தத்தில் சீடன் ஒருவன் மேஜைக்கு அடியில் போனான்.

ஞானக்கண்ணார் படிக்கட்டுப் பக்கம் ஓடினார். அங்கே அவரைப் பார்க்க வந்தவர்கள்தான் மூன்று மாடிக்கும் நெருக்கி நின்றிருந்தார்கள். ஒருவரும் வழி விடவில்லை. போலீஸ் வரும்வரை தரிசனம் கொடுத்துக்கொண்டிருந்தார்.

அன்றே தையற்காரி பஸ் ஏறினாள். பிரசவ அறை வாசலில் அவள் கையில்தான் முதலில் குழந்தையைக் கொடுத்தார்கள்.

இங்கே என்ன நடந்தது தெரியுமா? மெக்கானிக் சங்க வாசலில் வரிசை நின்றது!

"ஐயா, எங்க தெருவுக்கும் ஒரு சர்வர் பெட்டி வேணும். உங்க கையால தொட்டுக் குடுத்தீங்கன்னா..."

"தொட்டா கிரீஸ்தான் ஒட்டும்," என்றான் மெக்கானிக். "பெட்டி நீங்களே வெச்சுக்கலாம், சொல்லித் தரேன். ஆனா சாவி யாருகிட்ட இருக்கு, புடிக்கலன்னா வெளிய போக வழி இருக்கான்னு மொதல்ல கேளுங்க. நான் வெச்சாலும் கேளுங்க."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள். பின்னாலிருந்து ஒருவர் பணிவாகக் கை தூக்கினார்.

"எந்த நாள்ல கேட்டா நல்லதுங்க?"

யோசிப்பதற்கும் நாள் பார்த்துக்கொண்டிருந்தால், ஞானக்கண்ணார்களுக்கு ஒரு நாளும் வேலை போகாது.