நெருப்புக்கோழியின் முடி காணிக்கை

ஐம்பத்து மூன்றாவது வயதில் ஒரு பெரிய முடிவெடுத்தேன். இனி முடி வெட்டிக்கொள்வதில்லை.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நீங்கள் சிரிக்கலாம், பரவாயில்லை. என் மனைவி மணிமொழி சிரிக்கக் கூடாது. அவள் திட்டினால் தாங்குவேன், இருபத்தேழு வருஷப் பழக்கம். சிரித்தால் எனக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அதனால்தான் அவளிடம் மறைத்தேன்.

திருவண்ணாமலை தேரடித் தெருவில் குக்கர் வாங்கியவர்களுக்கு என்னைத் தெரியும். பரசுராமன், பாத்திரக்கடை. ஆனால் 1993-இல் இதே பரசுராமனுக்குத் தோள்வரை முடி. அம்மாவின் பட்டுப்புடவையை வெட்டித் தைத்த ஜரிகைக் கோட்டு. மூச்சு விட்டால் தையல் பிரியும் பேன்ட். கண்ணில் மை, கையில் எலக்ட்ரிக் கிட்டார். டிரம்ஸுக்கு அருள்ராஜ். பேஸ் கிட்டாருக்கும் தையலுக்கும் மக்பூல். எங்கள் ராக் குழுவின் பெயர் நெருப்புக்கோழி. ஊர் அக்னித் தலம், அதனால் நெருப்பு. மக்பூலின் அப்பா வைத்திருந்தது கோழிக்கடை, அதனால் கோழி. அந்தப் பறவை பறக்காது என்பது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

கல்லூரி ஆண்டு விழாவில் ஒரே ஒரு கச்சேரி. மூன்று பாட்டு முடிந்து நாலாவது பாட்டின் நடுவில் கரண்ட் போனது. அது திரும்பி வருவதற்குள் மக்பூல் சவுதிக்குப் போய்விட்டான், அருள்ராஜ் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டர் ஆகிவிட்டான், எனக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. கிட்டார் பரணுக்குப் போனது.

முப்பத்திரண்டு வருஷம். மழை பிடித்த சாயங்காலங்களில் கடையில் ஆளிருக்காது. விரல் தானாக எவர்சில்வர் குடத்தின்மேல் தாளம் போடும். அந்தக் கைதட்டல் காதில் கேட்கும். நாலாவது பாட்டு இன்னும் பாதியிலேயே நிற்கிறதே என்று தோன்றும்.

போன வருஷம் மக்பூல் ஊருக்கே திரும்பி வந்து தையல்கடை போட்டான். முதல் வாரமே என் கடைக்கு வந்து ஒரு அண்டாவின்மேல் உட்கார்ந்தான்.

"பரசு, ஒரு ஆல்பமாவது போடாம போய்ச் சேரக்கூடாதுடா. எட்டு பாட்டு. அப்ப இருந்த மாதிரியே. கோட்டு, மை, முடி, எல்லாம்."

"முடியா?"

"கோட்டு நான் தெச்சிடுவேன். முடிய யார் தெக்கிறது?"

அவனுக்கு முன்பக்கம் முழுக்கக் காலி. அருள்ராஜுக்கு எல்லாப் பக்கமும் காலி, விக் வாங்குவதாகச் சொல்லியிருந்தான். சொந்த முடி மிச்சமிருந்தது எனக்கு மட்டும். நெருப்புக்கோழியின் மானம் என் மண்டைமேல் ஏறி உட்கார்ந்தது.

இரண்டு மாதத்தில் மணிமொழி கேட்டுவிட்டாள்.

"ஏங்க, முடி காதுக்குக் கீழ வந்துடுச்சு. கடைக்கு வர்றவங்க பாத்திரம் வாங்கறதா, உங்க கால்ல வுழுந்து விபூதி வாங்கறதா?"

பதிலை ஏற்கெனவே தயார் செய்து வைத்திருந்தேன். இந்த ஊரில் எந்தக் கேள்விக்கும் பொருந்தக்கூடிய பதில்.

"வேண்டுதல்."

"யாருக்கு?"

"அண்ணாமலையாருக்கு. முடி வளக்கறேன். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம கிரிவலமும் போறேன்."

"எதுக்கு வேண்டிக்கினீங்க?"

"வெளிய சொன்னா பலிக்காது."

"முடிய எப்ப எறக்கணும்?"

"காரியம் கைகூடனதும்."

அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எவ்வளவு சுலபம் என்று நான் என்னையே மெச்சிக்கொண்டேன். இந்த இடத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு மூன்று மணிக்குச் செருப்பை வீட்டிலேயே விட்டுவிட்டு, நெற்றி நிறைய விபூதியோடு, வெறுங்காலில் கிளம்புவேன். தெருமுனை வரைதான் கிரிவலம். அங்கே அருள்ராஜின் பைக் நிற்கும். நேராகச் செங்கம் ரோடு, ரமணாசிரமம் பக்கத்துச் சந்து. ஒரு மாடி அறையில் சோமேஷ் என்ற பையன் பஜனைப் பாட்டும் தியான இசையும் பதிவு செய்துகொண்டிருந்தான். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலையை விட்டு, நிம்மதி தேடி வந்தவன். எங்களைச் சந்திக்கும்வரை அது அவனிடம் இருந்தது.

முதல் பாட்டின் முதல் அடியிலேயே ஜன்னல் அதிர்ந்தது. பக்கத்து அறையில் பதினோரு மாதமாக மௌன விரதம் இருந்த வெள்ளைக்காரர் கதவைத் தட்டி, சுத்தமான தமிழில், "போதும்" என்றார்.

அந்த முதல் ஞாயிறு வீடு திரும்பியதும் மணிமொழி ஒரு பேசினில் வெந்நீர் கொண்டுவந்தாள். உப்பு வேறு போட்டிருந்தாள்.

"பதினாலு கிலோமீட்டர் நடந்த காலு. காட்டுங்க."

"வேணாம் மணி."

"வேண்டுதல்காரர் காலு. எனக்கும் கொஞ்சம் புண்ணியம் வேணாமா?"

என் பாதத்தைக் கையில் எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். குதிகாலைக் கட்டைவிரலால் ஒரு தேய்ப்பு தேய்த்தாள்.

"ரோட்ட நல்லா கூட்டி வெச்சிருக்காங்க போல."

"அருமையா கூட்டறாங்க" என்றேன்.

அதற்கப்புறம் எனக்கு ராஜ மரியாதை. வேண்டுதல்காரர் என்பதால் ஞாயிற்றுக்கிழமை கறி கிடையாது. அடுத்த மாதம் முட்டை கிடையாது. அதற்கடுத்த மாதம் மெத்தை கிடையாது, பாய். காபியில் சர்க்கரை கம்மி, பிறகு சர்க்கரையே இல்லை, பிறகு காபியே இல்லை. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். ஆட்டும்போது முடி தோளில் புரண்டது. அந்தச் சுகத்துக்காக எதையும் தாங்கலாம் என்றிருந்தது.

எட்டு மாதத்தில் எட்டுப் பாட்டும் தயார். எட்டாவது, அன்றைக்குப் பாதியில் நின்ற அதே பாட்டு. அதன் கடைசி அடியை வாசித்து முடித்ததும் மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஜன்னல் வழியாக மலையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மக்பூல் மூக்கைச் சிந்தினான். ஆல்பத்துக்குப் பெயர் 'த்ரீ ஃபேஸ்'. இந்த முறை கரண்ட் போகாது என்று ஒரு நம்பிக்கை.

வெளியீட்டு விழா ஞாயிறு சாயங்காலம், ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தில். பழைய கல்லூரிக்காரர்கள் நூறு பேருக்குச் சொல்லியாகிவிட்டது.

சனிக்கிழமை காலை கூடத்துக்கு வந்தேன். போளூரிலிருந்து என் தங்கை வந்திருந்தாள். மச்சான் வந்திருந்தார். தாம்பாளத்தில் புது வேட்டி, மாலை, ஒரு கிண்ணம் நிறையச் சந்தனம்.

"என்ன விசேஷம்?"

"குளிச்சிட்டு கெளம்புங்க. கோயில்ல முடி எறக்கறவர்கிட்ட சொல்லி வெச்சிருக்கேன். பத்தர மணிக்கு" என்றாள் மணிமொழி.

"இன்னிக்கா?"

"காரியம் கைகூடிச்சில்ல?"

"எந்த காரியம்?"

"வெளிய சொன்னா பலிக்காதுன்னீங்களே. நான் இன்னிவரிக்கும் கேட்டனா?"

அவள் முகத்தில் பக்தியைத் தவிர ஒன்றுமில்லை. நான் கடைசி ஆயுதத்தை எடுத்தேன்.

"திங்கக்கிழம எறக்கறேனே. நல்ல நாளு."

தங்கை பதறினாள். "அண்ணா, சாமிக்கு நேந்த முடி. கைகூடனப்புறம் ஒரு நாள் கூட தலையில வெச்சிருக்கக் கூடாதுண்ணா. குடும்பத்துக்கு ஆவாது."

வேண்டுதலே இல்லை என்று சொன்னால் எட்டு மாதப் பொய்யும் தங்கை எதிரில் வெளியே வரும். சொல்லாவிட்டால் முடி போகும். அதைவிட, மலை ஜன்னல் வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. பதினொன்றரைக்கு என் தலையில் சந்தனம் மட்டும் இருந்தது.

மறுநாள் மண்டபத்தில் மக்பூல் என்னைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். அருள்ராஜ் தன் விக்கைக் கழற்றிப் பையில் வைத்தான்.

"வுடு பரசு. இப்ப மூணு பேரும் ஒரே டிசைன்" என்றான் மக்பூல்.

ஜரிகைக் கோட்டும் கண்மையும் மூன்று மொட்டைகளுமாக மேடை ஏறினோம். முதல் வரிசையில் மணிமொழி உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மக்பூலின் மனைவி அஸ்மத். எனக்கு அப்போதுதான் எல்லாம் புரிந்தது. இருந்தாலும் எட்டுப் பாட்டும் வாசித்தோம். தலையை ஆட்டுவதற்குக் காரணமே இல்லாததால் கை ஒழுங்காக வாசித்தது. கரண்ட் போகவில்லை. ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள்.

கூட்டம் கலைந்ததும் மணிமொழி வந்தாள்.

"எப்பலேர்ந்து தெரியும்?" என்றேன்.

"மொத ஞாயிறே உங்க குதிகாலு சொல்லிடுச்சு. மிச்சத்த அஸ்மத்தக்கா சொன்னாங்க."

"அப்பறம் ஏன் மணி இப்படி பண்ண?"

அவள் மேடையைப் பார்த்தாள்.

"தொண்ணூத்தி மூணுல அந்த காலேஜ் விழாவுக்கு நானும் வந்திருந்தேன். மூணாவது வரிசை. உங்க முடி ஆடறத பாத்துக்கினே இருந்ததுல ஒரு பாட்டும் காதுல வுழல. பொண்ணு பாக்க நீங்கதான் வரீங்கன்னு தெரிஞ்சதும் உடனே சரின்னுட்டேன். வந்து நின்னா கிராப்பு."

இருபத்தேழு வருஷம் என்னிடம் சொன்னதில்லை.

"இந்த வாட்டியாவது பாட்ட கேக்கணும்னு தோணிச்சு. அதான்" என்றாள்.

"கேட்டியா?"

"எட்டயும் கேட்டேன்."

"எப்படி இருந்தது?"

அவள் சிரிக்கவில்லை. என் தலையில் காய்ந்து உதிர்ந்த சந்தனத்தை முந்தானையால் மெதுவாகத் துடைத்துவிட்டுச் சொன்னாள்:

"முடிய வுட்டு வெச்சிருக்கலாங்க."