ட்ரிம்மர் ஒயரும் ஒரு வாக்குமூலமும்

உத்திரமேரூர் பக்கத்தில் போலீஸுக்குப் பயப்படாதவர்கள் உண்டு. பொண்டாட்டிக்குப் பயப்படாதவர்கள்கூடத் தேடினால் ஒன்றிரண்டு பேர் தேறுவார்கள். வாக்குமூலத்துக்குப் பயப்படாத ஆள் மட்டும் ஒருவரும் கிடையாது. வாக்குமூலம் என்பது ஒரு மனிதர். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், உரக்கடைக்கு மேல் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். அப்பா அம்மா வைத்த பெயர் ஏதாவது இருக்கத்தான் வேண்டும். கடை போர்டில்கூட அது இல்லை.

கெட்டுப்போன மிஷினை அவர் எடுத்ததும் தொடமாட்டார். அதைத் தொட்ட அத்தனை பேரையும் முதலில் வரிசையாக உட்கார வைப்பார். நாற்பது பக்க நோட்டைத் திறந்து, "கடசியா இன்னா பண்ணே?" என்று ஒவ்வொருவரையும் கேட்பார். சொல்வதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்குவார். அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவர் வெளியே வரும்.

ஒரு நெல் மண்டியில் கம்ப்யூட்டர் படுத்துவிட்டபோது, கணக்குப்பிள்ளை ஒரு வாரமாகச் சாப்பாட்டு டப்பாவை அதன் தலைமேல் வைத்துச் சூடு பண்ணிக்கொண்டிருந்த விஷயம் இப்படித்தான் அம்பலமானது. இன்னொரு வீட்டில் லேப்டாப்பைக் கடைசியாகத் தொட்டவர் மாப்பிள்ளை என்று தெரிந்ததும், அந்த மாப்பிள்ளை செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி வந்து சேரும்வரை இவர் மூன்று மணி நேரம் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தார்கள், வேண்டாம் என்றுவிட்டார். மாப்பிள்ளை வந்து, தெரியாமல் அதன்மேல் உட்கார்ந்துவிட்டதை மாமியார் முன்னால் ஒப்புக்கொண்டார். நல்ல கனமான மாப்பிள்ளை.

எழுதி வாங்கியதை அவர் மறுபடி சந்தேகப்படவே மாட்டார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன்.

"கையெய்த்து போட்டு குட்த்தத திருப்பி செக் பண்ணா, அந்த ஆள மூஞ்சில அடிச்ச மாரி சார்" என்றார்.

அப்பேர்ப்பட்ட மனிதரிடம் நான் பொய் சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவு சுற்றி வளைக்கிறேன்.

அப்போது நான் ஒரு ட்ரோன் பயிற்சி மையத்தில் பொறுப்பாளர். வயலுக்கு மருந்தடிக்கிற ட்ரோன். நிஜ ட்ரோனைத் தொடுவதற்கு முன்னால் கம்ப்யூட்டர் திரையில் ஓட்டிப் பழக வேண்டும். அதற்குப் பிள்ளைகள் கேம் விளையாடுகிற கன்ட்ரோலர் ஒன்றை ஒயரில் மாட்டி வைத்திருந்தோம். எட்டுப் பேருக்கும் சேர்த்து அது ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்து, நன்றாக ஓட்டுகிற இரண்டு பேரை எடுத்துக்கொண்டு நிஜ ட்ரோன் கொடுப்பதாக ஏற்பாடு.

எட்டுப் பேரில் பச்சையம்மாவுக்குத்தான் கை நின்றது. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு பத்து வருடம் அடுத்தவர் வயலில் மருந்தடித்தவர். இரண்டு தோளிலும் வார் அறுத்த தழும்பு. இது கிடைத்தால் அந்த டேங்கை ஏரியில் தூக்கிப் போடுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை காலையில் கன்ட்ரோலரை மாட்டினால் லைட் எரிகிறது, கம்ப்யூட்டர் மட்டும் அதை யாரென்று கேட்கிறது. வாக்குமூலத்தை வரவழைத்தோம். எட்டுப் பேரையும் என்னையும் பெஞ்சில் உட்கார வைத்தார்.

நடந்தது இதுதான். சனிக்கிழமை ஊருக்குப் போகும்போது பஸ்ஸில் போன் சார்ஜ் போட அந்த ஒயரைக் கழற்றிக்கொண்டு போனேன். சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கிவிட்டேன். திங்கட்கிழமை, என் தாடி ட்ரிம்மரோடு வந்த ஒயரை அந்த இடத்தில் மாட்டினேன். கனகச்சிதமாகப் பொருந்தியது. லைட்டும் எரிந்தது. லைட் எரிகிறபோது ஒயரில் என்ன கோளாறு இருக்க முடியும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரில் டிகிரி வாங்கியவன் நான்.

"சார், நீங்க கடசியா இன்னா பண்ணீங்க?"

எட்டுப் பேரும் என்னைப் பார்த்தார்கள். சென்டர் சாமானைச் சொந்தப் போனுக்கு எடுத்துப்போய்த் தொலைத்தேன் என்று சொல்ல நாக்கு எழவில்லை. ஒன்றும் பண்ணவில்லை, சனிக்கிழமை வைத்தது வைத்தபடி இருக்கிறது என்றேன்.

"ஒயரு அதே ஒயருதானா?"

அதே ஒயர்தான் என்றேன். எழுதினார். இங்கிலீஷில் பெரிதாகக் கையெழுத்துப் போட்டேன்.

அடுத்தது பச்சையம்மா. "கடசியா நான்தான் ஓட்டினேன். ட்ரோனு தென்ன மரத்துல போய் முட்டிக்கிச்சி. அதுல இது உள்ள அடிபட்டுச்சோ இன்னாவோ" என்றார்.

திரைக்குள் இருக்கிற தென்னை மரம். எல்லோரும் சிரித்தார்கள். வாக்குமூலம் சிரிக்காமல் எழுதினார். திரையில் முட்டினால் கையில் இருப்பது உடையாதம்மா என்று நான் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, "அவங்க கொஞ்சம் பலமாதான் அழுத்துவாங்க" என்றேன். பச்சையம்மா தன் கட்டைவிரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் அவர் வரவில்லை. களையெடுக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

வாக்குமூலம் மூன்று நாள் அந்தக் கன்ட்ரோலரோடு மல்லுக்கட்டினார். இருக்கிற ஓட்டை எல்லாவற்றிலும் மாற்றி மாற்றிச் சொருகினார். கம்ப்யூட்டரை அணைத்து அணைத்துப் போட்டார். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி ஏற்றினார். ஒயரோடு கடைக்கு எடுத்துப்போய், பிரித்து, பிரஷ்ஷால் துடைத்து, மூடினார். ஒயரை மட்டும் மாற்றிப் பார்க்கவில்லை. நான்தான் கையெழுத்துப் போட்டிருந்தேனே. புதன்கிழமை சாயந்திரம் வந்து, "உங்க மிஷினு என்ன மதிக்கல சார்" என்று சொன்னபோது ஆள் பாதியாகியிருந்தார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை நான்.

வியாழக்கிழமை காலையில் என்னை சென்டர் மாடிப்படியிலேயே நிறுத்தி, காகிதத்தில் சுற்றிய ஒயரைக் கையில் கொடுத்தார்.

"இது சென்டர் ஒயரு இல்ல சார். அவசரத்துக்கு என் போன மாட்டினேன். சார்ஜு ஏறுது, கம்ப்யூட்டரு கண்டுக்கல. கரண்டு மட்டும் போற ஒயரு."

வேறொன்றும் கேட்கவில்லை. உள்ளே போய்த் தன் ஒயரை மாட்டினார். திரையில் ட்ரோன் எழும்பியது. என்ன ஆச்சு என்று எல்லோரும் கேட்டார்கள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"என் கடைல ஒயரு மாறிப் போச்சி. தப்பு என்னுது" என்றார். நோட்டைத் திறந்து அதையே எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். முதல் நாளே வேலை செய்யாத மிஷினுக்கு மூன்றாம் நாள் கடையில் எப்படி ஒயர் மாறும் என்று யோசிக்க யாருக்கும் தோன்றவில்லை. அவர் நோட்டில் ஏறிவிட்டால் எங்கள் ஊரில் அதற்கு மேல் கேள்வி கிடையாது.

பிறகு மொபெட்டை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போய்ப் பச்சையம்மாவை ஏற்றி வந்தார். சேற்றுக் காலோடு உள்ளே வந்த பச்சையம்மா, தன் கையால் கெட்டதென்று நினைத்து மூன்று நாள் சோறு இறங்கவில்லை என்று அவரைப் பிடிபிடியென்று பிடித்தார். அவர் தலையாட்டிக்கொண்டே நின்றார். வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் முதலில் எடுத்தது பச்சையம்மாவைத்தான். அந்தச் சந்தோஷத்தில் நானும் கை தட்டினேன். இப்போது நினைத்தால் அந்தக் கைதட்டல்தான் மிகவும் கூசுகிறது.

அதற்கப்புறம் வாக்குமூலத்தை எங்கே பார்த்தாலும் பச்சையம்மா விடுவதில்லை. போன மாதமும் பஸ் நிலையத்தில் பத்துப் பேர் முன்னால், "வாய்யா, ஒயர மாத்தின மகராசா, என் பொயப்புல மண்ணள்ளிப் போடப் பாத்தியே" என்றார். அவர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டு நின்றார். எனக்குத் தாங்கவில்லை. ஒயரை மாற்றியது நான்தான், பொய் சொன்னதும் நான்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டேன்.

பச்சையம்மா என் பக்கம் திரும்பினார். "அந்த மனுசன நான் இத்தினி பேரு எதுர்ல பேசும்போதெல்லாம், நீ நின்னு பாத்துக்கினுதான சார் இருந்தே?" என்றார்.

ஆமாம் என்றேன்.

மாட்டிக்கொண்ட திருடனைப்போல முழித்தவர் வாக்குமூலம்தான். "உடும்மா. சாரு இன்னும் நாஷ்டா துன்னாரோ இல்லியோ" என்று என் கையைப் பிடித்து எதிரில் இருந்த ஓட்டலுக்கு இழுத்துக்கொண்டு போனார். போகிறவரைக்கும் நான் தலையைத் தூக்கவில்லை. கையை விடுவித்துக்கொள்ளவும் மனசு வரவில்லை.